ஆதாயம் பெற்றவரே பாரமும் சுமக்க வேண்டும்

மதீனா நகரின் கடைவீதியில் ஒரு தானிய வியாபாரி, தம் முன்னே தானியத்தைக் குவித்து வைத்து அமர்ந்திருந்தார். அவ்வழியே வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்தக் குவியலுக்குள் தம் திருக்கரத்தை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்து காணப்பட்ட தானியம் உள்ளே ஈரமாய் இருந்தது. காரணம் வினவியபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது.

அந்த வியாபாரி மழையைப் பெய்வித்தவர் அல்லர். தானியத்தை வேண்டுமென்று நனைத்தவரும் அல்லர். நனைந்ததை அடியில் தள்ளி, உலர்ந்ததை மேலே பரப்பினார். அவர் செய்தது அவ்வளவே. அதற்கே இத்துணைக் கண்டனம் என்றால், அடியில் மறைக்கப்படுவது வெறும் ஈரமாக இராமல் நஞ்சாகவே இருக்குமானால் அதன் பாவம் எத்தகையது என்பதை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். இந்தக் கேள்வியை எழுப்பிய நிகழ்ச்சி எங்கோ தொலைதேசத்தில் நடந்ததன்று. நம் பழனி மலைத் தொடரின் மேலே, கோடைக்கானலில் நடந்தது.

மலைக்கு வந்த தொழிற்சாலை

கோடைக்கானலைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் இராது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த அந்நகருக்கு விடுமுறை நாட்களில் சென்று, ஏரியையும் மரக்காடுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நம்மில் பலர். ஆனால் செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலைக்காட்டை ஒட்டி நின்ற ஒரு தொழிற்சாலையைக் கண்டவர்கள் சிலரே. காய்ச்சலை அளக்கும் பாதரசக் கண்ணாடிக் கருவி, அதாவது தெர்மாமீட்டர், அங்கே செய்யப்பட்டு வந்தது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் ஊரில் இயங்கிய ஆலையின் இயந்திரங்கள் 1980களின் முற்பகுதியில் பெயர்த்தெடுக்கப்பட்டு, பாண்ட்ஸ் நிறுவனத்தால் இம்மலையில் நிறுவப்பட்டன. பின்னர் பாண்ட்ஸ் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபோது, இந்த ஆலை இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் வந்தது. அந்நிறுவனமே இன்று இந்துஸ்தான் யூனிலீவர் என்று அழைக்கப்படுகிறது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்து முடித்த கருவிகள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே சென்றன. மலையில் தங்கியவை தொழிலாளரின் கூலியும், உடைந்த கண்ணாடியும், சிந்திய பாதரசமுமே.

பாதரசத்தின் இயல்பை நம் வீட்டார் அறிந்துகொள்வது நல்லது. பார்ப்பதற்கு உருக்கிய வெள்ளி போல் இருக்கும் அது, அடுப்பில் ஏற்றாமலே ஆவியாகும் தன்மையுடையது. அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உட்சென்றால் நரம்புகளையும் சிறுநீரகத்தையும் தாக்கும், கைகளில் நடுக்கம் வரும், ஈறு புண்ணாகும், நினைவு தடுமாறும். நீரோடு சென்று சேற்றில் தங்கினால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசம் என்னும் கொடிய வடிவுக்கு மாற்றுகின்றன. அது சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும், தாயிடமிருந்து கருவிலிருக்கும் சிசுவுக்கும் செல்கிறது. பாதரசம் ஒரு தனிமம். அதனை எரித்தும் அழிக்க இயலாது. ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்கலாம், அவ்வளவுதான்.

2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அந்நகரின் மூஞ்சிக்கல் பகுதியில் இருந்த ஒரு பழைய சாமான் கிடங்கில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அதன் எடை 7.4 டன் என்று அதனை வெளிப்படுத்தியோர் கூறினர். பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் இதனை உலகறியச் செய்தன. ஊர்மக்கள் ஆலை வாசலுக்கு ஊர்வலமாய்ச் சென்றனர். தன் விதிமுறைகளுக்கு மாறாகவே அந்தக் கண்ணாடி விற்கப்பட்டுவிட்டது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டது, மீண்டும் திறக்கப்படவில்லை.

காயலான் கடைக்காரர் கேட்ட கேள்வி

பழைய சாமான் வியாபாரம் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. காயலான் கடை என்ற பெயரே காயல்பட்டினத்தாரை நினைவூட்டுவது என்பர். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கோடைக்கானல் செய்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போது அத்தொழிலில் தலை நரைத்த ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார்.

“ஹஜ்ரத், ஆலைக்காரர் எடை போட்டுத் தருகிறார், நான் எடை போட்டு வாங்குகிறேன். உள்ளே விஷம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் கடையில் வேலை செய்யும் பையனுக்கு அதனால் நோய் வந்தால், நாளை மறுமையில் பிடிபடுவது அவரா, நானா?” என்று கேட்டார்.

“தெரிந்து மறைத்தவர் முதலில் பிடிபடுவார், ஹாஜியார். தெரிந்த பிறகும் அந்தப் பையனை வெறுங்கையால் அள்ளச் சொன்னால் நீங்களும் பிடிபடுவீர்கள்” என்றேன்.

அவர் சற்று நேரம் மௌனமாய் இருந்தார். “அப்படியானால் இனி வாங்குமுன் கேட்டாக வேண்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்து சென்றார்.

குறையுள்ள பொருளை, அந்தக் குறையை வாங்குபவருக்கு எடுத்துரைக்காமல் விற்பது ஆகாது என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் தடுத்ததை உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கிழிந்த துணிக்கும் நொண்டி ஒட்டகத்துக்கும் பொருந்தும் இந்த விதி, நஞ்சு ஒட்டிய கண்ணாடிக்குப் பொருந்தாதா? கிழிந்த துணியால் வாங்கியவருக்குப் பணம்தான் நட்டம். நஞ்சு ஒட்டிய கண்ணாடியாலோ, வாங்கியவர், அவருடைய வேலையாள், அவர் வீட்டுக் குழந்தைகள், பக்கத்து வீட்டார் என்று உயிர்களே ஈடாகின்றன. பேரம் பேசியவர் இருவர். விலை கொடுத்தவரோ பலர்.

தொழிலாளியின் உடல் ஓர் அமானிதம்

அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அம்மலையைச் சேர்ந்த எளிய குடும்பத்தினர். ஊரில் பெரிய ஆலை வந்தது, மாதச் சம்பளம் கிடைத்தது என்று மகிழ்ந்தவர்கள். ஆலை மூடிய பின்னர், தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் நேர்ந்த நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்று அவர்கள் முறையிட்டனர். முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றத்தின் பார்வைக்கு 2011இல் வைக்கப்பட்ட மத்தியத் தொழிலாளர் அமைச்சகக் குழுவின் அறிக்கை, தொழிலாளர்களின் முறையீட்டுக்கு முகாந்திரம் உண்டு என்னும் வகையில் அமைந்தது. நிறுவனமோ, தொழிலாளர் எவருக்கும் ஆலைப் பணியால் உடல்நலக் கேடு விளையவில்லை என்று தொடக்கம் முதல் கூறி வந்தது. அதற்குச் சான்றாகப் பல மருத்துவ ஆய்வுகளையும் எடுத்துக்காட்டியது. இறுதியில் 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் உதவி வழங்குவதாக அது அறிவித்தது. தொகை வெளியிடப்படவில்லை.

ஆலை மூடிய ஆண்டுக்கும் உடன்பாடு கண்ட ஆண்டுக்கும் இடையே 15 ஆண்டுகள் உருண்டோடின. தொழிலாளியின் வியர்வை உலருமுன் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிமொழியின் கருத்து. வியர்வை உலருமுன் கூலி என்றால், நோய் வந்த உடலுக்கு மருத்துவம் எப்போது? ஒருவர் நம்மிடம் வேலைக்கு வரும்போது தம் உழைப்பை மட்டுமே விற்கிறார். உடலை விற்கவில்லை; விற்கும் உரிமையும் அவருக்கு இல்லை. உடல், அல்லாஹ் அவரிடம் ஒப்படைத்த அமானிதம். காலையில் ஆலைக்குள் நுழைந்த அந்த அமானிதத்தை மாலையில் கேடின்றி வெளியே அனுப்பும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. கூலி கொடுத்ததால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது.

உடன்பாடு குறித்தும் மார்க்கம் ஒரு வரம்பு வகுத்திருக்கிறது. வழக்காடுவோர் இருவர் இணங்கிப் போவது நன்று. திருமறை அதனைப் போற்றுகிறது. ஆனால் ஆகாததை ஆகுமாக்கும் உடன்பாடும், ஆகுமானதை ஆகாததாக்கும் உடன்பாடும் செல்லாது என்பது திர்மிதீ நூலில் காணும் நபிமொழியின் கருத்து. தொழிலாளர் தம் உரிமையைக் குறித்து இணங்கலாம். அது அவர்கள் விருப்பம். அதைக் குறை கூற நாம் யார்? ஆனால் சோலையின் மண்ணையும், ஓடையின் நீரையும், இனிப் பிறக்கப்போகும் குழந்தையின் உரிமையையும் விட்டுக்கொடுக்க அவர்களுக்கும் அதிகாரம் இல்லை. அவற்றை விலைபேச நிறுவனத்துக்கும் அதிகாரம் இல்லை. மனிதருக்கு மனிதர் உள்ள உரிமையென்றும், அல்லாஹ்வின் உரிமையென்றும் மார்க்கச் சட்ட வல்லுநர் இருவகை வகுத்தனர். எவரும் தனித்து உரிமை கொண்டாட இயலாத பொதுநலன் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே 2016 உடன்பாட்டோடு எல்லாம் முடிந்தது என்று எவரேனும் சொன்னால், பாதிதான் முடிந்தது என்பதே மார்க்கத்தின் விடை.

மேல்தட்டும் கீழ்த்தட்டும்

மலையில் நடந்தது மலையோடு போகட்டும் என்று சமவெளியில் இருப்போர் எண்ணலாகாது. பாம்பார் சோலையின் நீர் தெற்கே இறங்கிப் பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரை அருவியாய் விழுகிறது. அந்நீர் வைகைப் படுகையைச் சேர்ந்தது. வைகையோ மதுரையைக் கடந்து, இராமநாதபுரத்துக்கு அப்பால் ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலைத் தேடுகிறது. கோடைக்கானலின் பாதரசம் கடல்வரை சென்றது என்று நான் கூறவில்லை. மேலே ஒருவர் செய்வதைக் கீழே இருப்பவர் குடிக்க வேண்டியிருக்கிறது என்பதையே கூறுகிறேன். கோடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதையும், அருகிலுள்ள பேரிஜம் ஏரியைவிட அங்கே அது கூடுதலாய் இருப்பதையும் கண்டறிந்த அரசுத்துறை விஞ்ஞானிகளின் ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் கப்பல் உவமையை நாம் அறிவோம். ஒரே கப்பலில் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் பயணம் செய்கின்றனர். தண்ணீருக்காக மேலே சென்று பிறரைத் தொல்லைப்படுத்துவானேன் என்று கீழே இருப்பவர்கள் தம் பகுதியில் துளையிட முனைகின்றனர். தடுத்தால் எல்லோரும் பிழைப்பர். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவர். இக்காலத்தில் துளையிடுபவர் பெரும்பாலும் மேல்தட்டுக்காரர். தண்ணீர் முதலில் புகுவது கீழ்த்தட்டில் உறங்குபவரின் அறைக்குள். ஆனாலும் கப்பல் ஒன்றே என்ற உண்மை மாறவில்லை.

ஜப்பானின் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில் நடந்தது இதற்குச் சான்று. அங்கே சிஸ்ஸோ என்னும் இரசாயன ஆலை, பாதரசக் கழிவைக் கடலில் விட்டு வந்தது. வளைகுடா மீனை உண்டு வாழ்ந்த மீனவக் குடும்பங்களில் கைகால் முடங்கிய நோய் 1956ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. ஆலைக் கழிவே காரணம் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொள்ள 1968 வரை ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் மீனவர் மீனை உண்டனர், தாய்மார் கருவுற்றனர். அவ்வூரின் பெயரையே தாங்கி, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2013இல் எழுந்தது. நம் நாடும் 2018இல் அதனை ஏற்று உறுதி செய்தது.

பாதரசத்தின் கதையே எண்ணெயின் கதையும். 2023 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவரின் படகும் வலையும் கரிய எண்ணெயில் தோய்ந்தன. சதுப்புக் காட்டின் வேர்களில் எண்ணெய் படிந்தது. ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்து ஒகோனி மக்களின் நிலமும் நீரும் பல பத்தாண்டுகளாக எண்ணெயால் கெட்டதை ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011இல் விரிவாக எடுத்துரைத்தது. அவர்கள் எந்த மதத்தினர், எந்த மொழியினர் என்று கேட்பது நம் வேலையன்று. எண்ணெய் விற்ற பணம் எங்கோ சென்றது. எண்ணெய் படிந்த வலை கரையிலிருந்தவன் கையில் மிஞ்சியது. கோடைக்கானல் தொழிலாளிக்கும் எண்ணூர் மீனவனுக்கும் நேர்ந்த அநீதி ஒன்றுதான்.

ஆதாயமும் பொறுப்பும்

இங்கேதான் மார்க்கச் சட்டத்தின் ஓர் அடிப்படை விதி நமக்கு வழிகாட்டுகிறது. வாங்கிய ஒன்றிலிருந்து பலன் அடைந்தவருக்கும் அதை விற்றவருக்கும் எழுந்த வழக்கொன்றில், ஆதாயம் பொறுப்பைத் தொடர்ந்தே வரும் என்னும் கருத்துப்பட அண்ணலார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். சட்ட வல்லுநர்கள் இதன் மறுபக்கத்தையும் விதியாக்கினர். ஆதாயம் எவருக்கோ, அதனால் வரும் பாரமும் அவருக்கே என்பது அது. 19ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு தொகுத்த மஜல்லா என்னும் சட்டநூலிலும் இவ்விரு விதிகளையும் காணலாம்.

இந்த அளவுகோலைக் கோடைக்கானலில் வைத்துப் பார்ப்போம். ஆதாயம் கடல் கடந்தது. பாரம் மலையில் நின்றது. ஒரே ஒருமுறை மட்டும் பாரம் திரும்பிப் போயிற்று. 2003ஆம் ஆண்டு மே மாதத்தில், பாதரசம் கலந்த 290 டன் கழிவு கப்பலேற்றப்பட்டு, மறுசுழற்சிக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்கு அனுப்பப்பட்டது. ஏழை நாட்டில் குவிந்த நஞ்சு, செல்வ நாட்டை நோக்கித் திரும்பிச் செல்வது அரிதிலும் அரிது. மக்கள் விழித்தெழுந்து கேட்டதால்தான் அது நடந்தது. அல்லாஹ் ஒரு சமூகத்தாரின் நிலையை, அவர்களே தங்களை மாற்றிக்கொள்ளாதவரை மாற்றுவதில்லை என்று திருமறை உணர்த்துவதற்கு இதுவும் ஒரு விளக்கம்.

மூட்டையில் கட்டியதைக் கப்பலில் ஏற்றலாம். மண்ணோடு கலந்ததை என்செய்வது? ஆலை வளாகத்தின் மண்ணில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்பதில் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. 20 மில்லிகிராம் என்ற அளவு முன்வைக்கப்பட்டது. வெளிநாடுகளில் குடியிருப்புக்கு விதிக்கும் அளவு இதைவிடக் கடுமையானது, மலைச்சோலைக்கு இது போதாது என்றனர் போராடியோர். மேலும் ஆழத் தோண்டினால் மரங்கள் சாயும், மண் அரிக்கும் என்பது மறுதரப்பின் வாதம்.

அந்த வாதத்தை நாம் புறங்கையால் தள்ளிவிடலாகாது. ஒரு தீங்கை அதற்கு நிகரான இன்னொரு தீங்கால் நீக்கலாகாது என்பதும் மார்க்கச் சட்டத்தின் விதியே. எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுவது விஞ்ஞானிகளின் பணி. என் போன்றோரின் பணியன்று. ஆயினும் இரண்டு கேள்விகளை எவரும் கேட்கலாம். இந்த அளவை, நிறுவனத்தின் தலைமை இருக்கும் நாட்டில், அதன் அதிகாரிகள் குடியிருக்கும் தெருவில், அவர்கள் பிள்ளைகள் விளையாடும் மண்ணில் ஏற்பார்களா? தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஈமான் முழுமை பெறாது என்பதன் பொருள் இதுதானே? இரண்டாவது, மரத்தையும் காத்து மண்ணையும் தூய்மையாக்கும் மூன்றாம் வழி ஒன்று உண்டென்றால், அது எவ்வளவு செலவானாலும் அச்செலவு யாருடையது? சிக்கலை உண்டாக்கியவருடையது. செலவு மிகுதி என்பது பாரத்தைக் கீழே இறக்கி வைப்பதற்குக் காரணமாகாது.

நம் வீட்டு வாசலில்

பிறர் குற்றத்தைப் பேசுவது எளிது. ஜும்ஆ மேடையில் நின்று பன்னாட்டு நிறுவனத்தைக் கண்டித்தால் தலையசைப்போர் பலர் இருப்பர். ஆனால் நம் கையை நம் தானியக் குவியலுக்குள்ளும் நுழைத்துப் பார்க்க வேண்டாமா?

கோடைக்கானல் அமைந்திருக்கும் அதே திண்டுக்கல் மாவட்டத்தின் தலைநகரைச் சுற்றித் தோல் பதனிடும் ஆலைகள் பல உண்டு. அவற்றின் கழிவால் அங்கே நிலத்தடி நீர் கெட்டதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வடக்கே வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை பகுதிகளில் பாலாறு என்ன ஆயிற்று என்பதை அங்கே கிணற்று நீரை வாயில் வைத்தவர்கள் அறிவார்கள். அத்தொழிலில் நம் சமுதாயத்தவர் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டுச் செல்வம் ஈட்டினர். அச்செல்வத்தில் பள்ளிவாசல்கள் எழுந்தன. மதரஸாக்களும் கல்லூரிகளும் நடந்தன. என் போன்றோர் உண்ட உணவிலும் அதன் பங்கு உண்டு. நன்றி மறக்கவில்லை. நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன்.

மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிய புகழ்பெற்ற தீர்ப்பு, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கியது. அது வேறெந்த ஆலையையும் பற்றியதன்று. வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகளைப் பற்றியதே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இடையே 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தனர். ஆதாயமும் பாரமும் ஒரே தோளில் இருக்க வேண்டும் என்னும் விதி லண்டன் நிறுவனத்துக்கு மட்டும் வகுக்கப்பட்டதன்று. ஆம்பூர் முதலாளிக்கும் அது பொருந்தும். கழிவைச் சுத்திகரிக்கும் செலவை மிச்சப்படுத்திய பணத்தில் கட்டிய ஹவ்ழில் உளூச் செய்ய நமக்கு மனம் வருமா?

அண்ணலார் (ஸல்) அவர்கள் சாபத்துக்குரிய மூன்று செயல்களை எச்சரித்தார்கள். மக்கள் நீர் எடுக்கும் துறையிலும், நடக்கும் பாதையிலும், இளைப்பாறும் நிழலிலும் அசுத்தம் செய்வதே அவை. ஒரு மனிதனின் அசுத்தம் ஒரு மழையில் கரைந்துவிடும். அதற்கே சாபம் என்றால், தலைமுறைக்கும் கரையாத அசுத்தத்தை நீரிலும் நிழலிலும் இடுவதற்கு என்ன பெயர் சூட்டுவோம்?

செய்யத் தக்கவை

இதில் ஒவ்வொரு வீட்டாராலும் செய்யக்கூடியவை உண்டு. பழைய பாதரசத் தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தால், அதைக் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். தவறி உடைந்தால் துடைப்பத்தால் பெருக்கவும் வேண்டாம். பெருக்கினால் அது நுண்துளிகளாய்ச் சிதறும். குழந்தைகளை வெளியே அனுப்பி, சன்னலைத் திறந்துவிட்டு, கெட்டித்தாளால் துளிகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அடைத்து, முறைப்படி அகற்றுவோரிடம் ஒப்படைக்க வேண்டும். காயலான் கடை நடத்தும் சகோதரர்கள், ஆலைக் கழிவை வாங்குமுன் அதில் என்ன இருந்தது என்று எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். சொல்ல மறுப்பவரிடம் வாங்காதிருப்பதே பேணுதல்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் கடமை உண்டு. நம் ஊரில் ஓர் ஆலை வரும்போது, அதன் கழிவு எங்கே போகும் என்று கேட்கும் முதல் குரல் பள்ளிவாசலிலிருந்து எழட்டும். அந்த ஆலையின் உரிமையாளர் முதல் வரிசையில் தொழுபவராய் இருந்தாலும் எழட்டும். நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்பது தொழாதவனைத் தொழச் சொல்வதோடு நின்றுவிடுவதில்லை. பணியிடத்தால் நோயுற்ற தொழிலாளி எந்த மதத்தவராயினும், மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் அவருக்குத் துணையாய்ச் செல்வது ஸதகாவாகும். பதினைந்து ஆண்டுகள் படியேறுவது ஓர் ஏழையால் தனித்து இயலும் காரியமன்று.

யூப்ரட்டீஸ் நதிக்கரையில் ஓர் ஆடு கேட்பாரற்று மடிந்தாலும் அதற்காக அல்லாஹ் தம்மைக் கேட்பான் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அஞ்சினார்கள். மதீனாவில் இருந்தவருக்கு யூப்ரட்டீஸ் கரை வெகு தொலைவு. ஆனால் ஆட்சி தம் கையில் இருந்ததால் பொறுப்பும் தம் தோளில் இருக்கிறது என்பதை உணர்ந்தார்கள். ஆதாயம் வரும் வழியை மட்டும் அறிந்து, அது புறப்பட்ட இடத்தில் என்ன விட்டு வந்தது என்பதை அறிய மறுப்போர்க்கு அந்த அச்சத்தில் பாடம் உண்டு.

நம் தொழிலிலும் வாணிபத்திலும் ஈரத்தை அடியில் மறைக்காத நேர்மையையும், நாம் பெற்ற ஆதாயத்துக்கு உரிய பாரத்தைப் பிறர் தலையில் ஏற்றாத நீதியையும், மலையிலும் கடற்கரையிலும் அநீதிக்கு உள்ளானோர்க்காகக் குரல் கொடுக்கும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.